30 ஆயிரம் ரூபாயில் கிட்டாரும் குரலும்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

வீட்டில் கிட்டாரையும் குரலையும் பதிவு செய்ய 30 ஆயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருப்பவர் முதலில் கேட்பது, எந்த மைக் நல்லது என்பதைத்தான். பாடப்போகும் அறையைப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. டைல்ஸ் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை, தலைக்கு மேல் ஃபேன், ஜன்னலுக்கு வெளியே தெரு. நம் ஊர் வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. அறைக்கு ஏற்ற மைக், அந்த மைக்குக்குப் போதுமான கெயின் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் அளவு) தரும் இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிட்டாரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), சத்தம் வெளியே கசியாத ஹெட்ஃபோன் என்ற வரிசையில் முடிவெடுத்தால் பணம் வீணாகாது. கீழே வரும் விலைகள் எல்லாம் தோராயமானவை. டாலர் ஏறினாலே இவற்றின் விலையும் ஏறிவிடும் என்பதால், வாங்கும் அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்துக்குப் பத்து அறை

நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக இருக்கும் அறை பதிவுக்கு மிகவும் சிரமமானது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி மோதித் திரும்பும்போது 56 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 112 ஹெர்ட்ஸிலும் தேங்கி நிற்கும். மூன்று அளவும் ஒன்றாக இருப்பதால் மூன்று திசைத் தேக்கமும் அதே ஹெர்ட்ஸில் வந்து சேரும். கிட்டாரின் ஐந்தாவது கம்பியான ஏ 110 ஹெர்ட்ஸ். அந்தக் கம்பியை மீட்டும்போது மட்டும் அறை ‘பூம்’ என்று எழுவதற்குக் காரணம் இதுதான். கிட்டாரை மாற்றினாலும் மைக்கை மாற்றினாலும் இது போகாது. அறையின் நட்ட நடுவில் இந்த 112 ஹெர்ட்ஸ் உச்சத்தில் இருக்கும். அதனால் மைக்கை நடுவில் வைக்காமல் ஒரு சுவரிலிருந்து சுமார் மூன்றடி தள்ளி வையுங்கள். பக்கச் சுவரிலிருந்து அதே மூன்றடி வராதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் முதல் முன்னேற்றம் இது.

அடுத்தது எதிரொலி. ஒரு அங்குல பிரமிடு ஃபோம் ஷீட்டுகளைச் சுவர் முழுக்க ஒட்டுபவர்கள் பலர். அந்தத் தடிமனுக்கு 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் முழு வேலை நடக்கும். குரலின் உடம்பும் கிட்டாரின் உடம்பும் அதற்கு வெகு கீழே இருக்கின்றன. மேல்பகுதி மட்டும் உறிஞ்சப்பட்டு நடுப்பகுதி அப்படியே நிற்பதால், டப்பாவுக்குள் பாடுவது போன்ற ஒலி வரும். முட்டை அட்டைக்கு இந்தப் பலன்கூட இல்லை. வீட்டில் நான்கு அங்குல இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அது இந்த ஃபோமை எல்லாம் மிஞ்சிவிடும். அதைச் சுவரோடு ஒட்டாமல், ஒரு சாண் இடைவெளி விட்டு நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். பின்னால் இருக்கும் காற்று இடைவெளியால் இன்னும் கீழ்ப்பகுதி வரை உறிஞ்சும். மெல்லிய ஜமக்காளத்தைச் சுவரில் தொங்கவிடுவதில் பெரிய பயன் இல்லை. அதே ஜமக்காளத்தை இரண்டு மூன்று மடிப்பாக மடித்துக் கிட்டார்காரரின் காலடியில் விரித்தால், டைல்ஸிலிருந்து மேலே எழும் பளபளப்பு அடங்கும்.

மெத்தையை எங்கே வைப்பது என்பதில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். கார்டியாய்டு மைக்குக்கு முன்பக்கம்தான் காது, முதுகுப்பக்கம் செவிடு. மைக் பார்ப்பது பாடுபவரை, அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரை. எனவே மெத்தை இருக்க வேண்டிய இடம் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால். மைக்குக்குப் பின்னால் வளைவாக மாட்டும் ‘ரிஃப்ளெக்‌ஷன் ஷீல்டு’ விற்பனையில் உண்டு. கையில் காசு குறைவாக இருக்கும்போது அதை வாங்க வேண்டாம். அதற்குப் பதில் மைக்கின் செவிட்டு முதுகு ஜன்னலையோ ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கத்தையோ பார்க்கும்படி அறையில் உட்காரும் திசையை மாற்றுங்கள்.

ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு நீக்கிக்கொள்ளலாம் என்று விட்டால், பாட்டின் வரிக் கடைசிகளும் கிட்டாரின் கமகமும் அதோடு சேர்ந்து கரைந்து போகும்.

மைக்: இரண்டே தேர்வு

இந்த விலையில் உருப்படியாக யோசிக்க வேண்டியவை இரண்டுதான். ஷூர் எஸ்எம் 57 என்ற டைனமிக் (தனியாக மின்சாரம் தேவைப்படாத, முரட்டு வகை மைக்), ஆடியோ டெக்னிகா ஏடி 2020 என்ற கண்டென்சர் (இன்டர்ஃபேஸ் மின்சாரம் தர வேண்டிய, நுட்பமான வகை).

எஸ்எம் 57 வந்தது 1965-இல், அதன் தம்பி எஸ்எம் 58 வந்தது 1966-இல். இரண்டுக்குள்ளும் இருக்கும் அடிப்படை கேப்ஸ்யூல் வடிவமைப்பு ஒன்றே. 58-க்கு உருண்டைக் கம்பி வலை, 57-க்குத் தட்டையான முகம். பாட்டு மட்டும் என்றால் 58 போதும். கிட்டாரும் சேர்ந்தால் 57-ஐ வாங்கி, குரல் எடுக்கும்போது அதன் மேல் ஒரு ஃபோம் உறை மாட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். தட்டை முகம் என்பதால் கிட்டாரின் கம்பிக்கும் ஆம்ப்பின் ஸ்பீக்கருக்கும் நெருக்கமாக வைக்க முடியும். கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சென்னைப் புழுக்கத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அலமாரியில் போட்டு வைக்கலாம்.

ஏடி 2020-க்கு 16 மில்லிமீட்டர் டயஃப்ரம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை வீச்சு. எஸ்எம் 57 பதினைந்தாயிரத்தில் நின்றுவிடும். அக்கூஸ்டிக் கிட்டாரில் விரல் நகம் கம்பியைத் தொடும் அந்தச் சின்ன ஓசை, கம்பிகளின் மேல் மினுமினுப்பு எல்லாம் ஏடி 2020-இல் தெளிவாக விழும். 57-இல் அவை மங்கும், ஈக்யூவில் (ஒலியின் மேல், கீழ்ப்பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) கொஞ்சம் ஏற்றித்தான் மீட்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் அக்கூஸ்டிக் கிட்டாருக்கு ஏடி 2020-தான் மேல். ஆனால் இது அமைதியான அறையில் மட்டும் செல்லுபடியாகும் தீர்ப்பு.

‘டைனமிக் மைக் அறைச் சத்தத்தை எடுக்காது’ என்று பரவலாகச் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபெல் குறையும், அறைச் சத்தமோ அதே அளவில் நிற்கும். எஸ்எம் 57-ஐ உதட்டிலிருந்து 5 சென்டிமீட்டரில் வைத்துப் பாடலாம்; ஏடி 2020-க்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் வேண்டும். 5-க்கும் 20-க்கும் இடையே 12 டெசிபெல் வித்தியாசம். தெருச் சத்தம் அமுங்குவது பெரும்பாலும் இந்த நெருக்கத்தால்தான். டைனமிக் மைக்கை வாங்கிவிட்டு ஒன்றரை அடி தள்ளி நின்று பாடினால் அந்த லாபம் முழுவதும் போய்விடும், மேலே கெயின் இரைச்சலும் சேரும். நெருங்கிப் பாடும்போது கீழ்ஸ்தாயி தானாகக் கனத்து வரும். மிக்ஸில் 80 முதல் 100 ஹெர்ட்ஸ் அளவில் லோ கட் (அதற்குக் கீழே இருப்பதை வெட்டும் வடிகட்டி) போட்டால் சரியாகிவிடும்.

எனவே தெருவோர வீடு, மாடி வீட்டில் குழந்தைகள், சிக்னல் பக்கம், கோவில் ஒலிபெருக்கி எட்டும் தூரம் என்றால் எஸ்எம் 57. உள்ளடங்கிய அறை, இரவு பத்து மணிக்கு மேல் பதிவு செய்ய முடியும், பின்னால் மெத்தை வைக்க இடமும் உண்டு என்றால் ஏடி 2020.

ரோட் என்டி 1 பற்றியும் கேட்பார்கள். அதன் சொந்த இரைச்சல் 4 டெசிபெல், ஏடி 2020-க்கு 20. தாளில் பெரிய வித்தியாசம்தான். ஆனால் நகரத்து வீட்டில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் அறையில் 30 டெசிபெலுக்கு மேல் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். அதற்கடியில் இந்த 16 டெசிபெல் லாபம் புதைந்துவிடும். அறை அமைதியாகும் வரை அந்தக் கூடுதல் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வேண்டியது, பிஎம் 800 என்ற பெயரில் ஸ்டாண்டு, ஃபோம், வி8 சவுண்டு கார்டு எல்லாம் சேர்த்து விற்கும் ‘ஸ்டூடியோ கிட்’. மைக்கின் பின்னால் எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் மைக் இணைப்பு) இருக்கும்; கூட வரும் கேபிளின் மறுமுனையிலோ 3.5 மில்லிமீட்டர் பின்தான். அதன் வழியே கண்டென்சருக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரமான பேண்டம் பவர் வராது. கம்ப்யூட்டரின் மைக் ஜாக் தரும் சில வோல்ட்டில் அரை உயிரோடு ஓடும். சத்தம் குறைவு என்று கெயினை ஏற்றினால் லேப்டாப்பின் உள் இரைச்சல்தான் ஏறும்.

யுஎஸ்பி மைக் மட்டும் போதுமா என்றால், பாட்டு மட்டும் பாடுபவருக்குப் போதும். கிட்டாரை நேரடியாகச் செருக அதில் வழி இல்லை. இரண்டு யுஎஸ்பி மைக் வாங்கி ஒரே நேரத்தில் ஓட்டலாம் என்று திட்டமிடாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம் என்பதால் மூன்று நிமிடப் பாட்டில் குரலும் கிட்டாரும் மெல்ல விலகத் தொடங்கும். யுஎஸ்பி வழியில்தான் தொடங்க முடியும் என்ற நிலையில் சாம்சன் க்யூ2யூ வாங்குங்கள். அதில் யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் உண்டு, ஹெட்ஃபோன் ஜாக்கும் உண்டு. பின்னாளில் இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் மைக் வீணாகாது.

ஷூர் மைக்கில் போலி அதிகம். அசல் எஸ்எம் 58-இன் எடை 298 கிராம், எஸ்எம் 57 284 கிராம். சமையலறைத் தராசில் வைத்தால் போலிகள் பலவும் இந்த எடைக்கு வராமல் காட்டிக்கொடுக்கும். சந்தை விலையில் பாதிக்கு யாராவது புது ஷூர் தருகிறார் என்றால், தராசுகூடத் தேவையில்லை. ஜிஎஸ்டி பில்லோடு, அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் மட்டும் வாங்குங்கள். வாரண்டிக்கும் அந்த பில்தான் ஆதாரம்.

இன்டர்ஃபேஸ்: கெயின் கணக்கு

ஒரே அளவு சத்தத்துக்கு ஏடி 2020 தரும் வோல்டேஜ், எஸ்எம் 58 தருவதைவிட ஏழு மடங்குக்கும் மேல். டெசிபெலில் சுமார் 17. எஸ்எம் 57 இன்னும் ஒன்றரை டெசிபெல் குறைவாகவே தரும். டைனமிக் மைக் வாங்குபவர் அந்த 17 டெசிபெலை இன்டர்ஃபேஸுக்குள் சிக்னலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்ப்பிலிருந்து எடுத்தாக வேண்டும். மைக்கை முதலில் முடிவு செய்துவிட்டு இன்டர்ஃபேஸுக்கு வரச் சொல்வது இதனால்தான். கண்டென்சர் வாங்கினால் எந்த இன்டர்ஃபேஸும் ஓடும். டைனமிக் என்றால் பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச கெயின் எண்ணைப் பாருங்கள். 55-க்குக் கீழே என்றால் மென்மையாகப் பாடுபவருக்குத் திணறும்.

ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ நான்காம் தலைமுறை 57 டெசிபெல் தருகிறது. அதே தலைமுறை 2ஐ2 தருவது 69. ஆடியன்ட் ஈவோ 4 தருவது 58. இந்த மூன்றும் 24 பிட் பதிவு, மூன்றுக்கும் விண்டோஸில் சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவர் (தாமதம் குறைவாக ஒலியைக் கடத்தும் மென்பொருள்) உண்டு, மூன்றும் யுஎஸ்பி-சி.

சோலோவின் குறை கெயினில் இல்லை, வாசல் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு மைக், ஒரு கிட்டார் கேபிள், அவ்வளவுதான். கிட்டாரில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்) இருந்தால் பாடிக்கொண்டே வாசிப்பதைத் தனித்தனி டிராக்காக எடுக்கலாம், நன்றாகவே வரும். பிக்கப் இல்லாத அக்கூஸ்டிக் என்றால் குரலுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று என இரண்டு மைக் வேண்டும். சோலோவில் இரண்டாவது எக்ஸ்எல்ஆர் கிடையாது. இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு ஆறு மாதத்தில் அதை விற்று 2ஐ2 தேடுபவர்கள் நிறைய.

ஈவோ 4 விலையில் சோலோவை ஒட்டியே வருகிறது, ஆனால் இரண்டு மைக் வாசல் தருகிறது. அதோடு ஸ்மார்ட்கெயின். பொத்தானை அழுத்தி, எந்தச் சேனல் என்று தேர்ந்தெடுத்து, பாடியும் வாசித்தும் காட்டினால் அதுவே அளவை வைத்துக்கொள்ளும். சரணத்தின் உச்ச வரியைப் பாடிக் காட்ட வேண்டும். பல்லவியை முணுமுணுத்துக் காட்டினால் கெயின் அதிகமாகிப் பின்னால் உடையும். ஈவோவில் பிடிக்காத விஷயம், எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய குமிழ். ஹெட்ஃபோன் சத்தம் மாற்ற வேண்டும் என்றாலும் பொத்தானைத் தட்டித் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். கையில் கிட்டாரோடு இருக்கும்போது இது எரிச்சல் தரும், ஆனால் பதிவைக் கெடுக்காது. 30 ஆயிரத்துக்குள் இரண்டில் ஒன்று என்றால் தயங்காமல் ஈவோ 4.

2ஐ2 நான்காம் தலைமுறை மூன்றிலும் சிறந்தது. 69 டெசிபெல் இருப்பதால் எஸ்எம் 57-ஐ வைத்து மென்மையான ஃபிங்கர்ஸ்டைல்கூட இரைச்சலில்லாமல் வரும். ஆட்டோ கெயின், உடையப் போகும்போது தானே கெயினை இறக்கும் க்ளிப் சேஃப் இரண்டும் உண்டு, சோலோவில் இவை இல்லை. பட்ஜெட்டை ஐந்தாறு ஆயிரம் நீட்ட முடிந்தால், அந்தப் பணம் மைக்கில் போவதைவிட இங்கே போவது நல்லது. இதிலும் சோலோவிலும் ‘ஏர்’ என்றொரு பொத்தான் இருக்கும். மேல்பகுதியைத் தூக்கிக் கொடுக்கும். எஸ்எம் 57-க்கு அது நல்ல துணை. ஏடி 2020-ஐ டைல்ஸ் அறையில் வைத்துக்கொண்டு ஏரையும் போட்டால் ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் காதைக் குத்தும்.

இதற்கும் கீழே இறங்க வேண்டியிருந்தால் பெரிங்கர் யுஎம்சி 202எச்டி. இரண்டு மைக் வாசல், 24 பிட், சொந்த டிரைவர். ஈவோவைவிட ஓசை விஷயத்தில் பெரிய பள்ளம் இல்லை. கெயினைக் கடைசி வரை திருப்பினால் இரைச்சல் தெரியும் என்பதால் கண்டென்சரோடு சேர்த்து வாங்குவதே பொருத்தம். பெயரைப் பார்த்து அதன் சின்ன மாடலான யுஎம்சி 22-ஐ எடுத்துவிடாதீர்கள். அது 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். 16 பிட் என்பது மட்டுமே பெரிய குற்றம் இல்லை. வீட்டு அறையின் இரைச்சல் அதைவிட மேலேதான் இருக்கும். தொல்லை டிரைவரில். விண்டோஸில் அதற்குப் பொதுவான ஏஎஸ்ஐஓ4ஆல்-ஐ நம்ப வேண்டியிருக்கிறது. பஃபரைக் (கம்ப்யூட்டர் ஒலியை ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் அளவு) குறைத்தால் சட்சட்டென்று வெட்டும், கூட்டினால் காதில் தாமதம். மேக் வைத்திருப்பவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

ஃபோனில் பதிவு செய்பவர்கள் கவனிக்க: பேண்டம் பவர் போட்டதும் இன்டர்ஃபேஸ் இழுக்கும் கரண்ட்டைப் பல ஃபோன்களால் தர முடியாது. நடுவில் தனி அடாப்டரோடு வரும் யுஎஸ்பி ஹப் ஒன்று வேண்டும். லேப்டாப்பில் அதற்கு நேர்மாறு. ஹப் வேண்டாம், நேராக லேப்டாப்பிலேயே செருகுங்கள்.

கிட்டாரை நேரடியாகச் செருகும்போது

எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்புக்கு 1 மெகாஓம் அளவில் இன்புட் வேண்டும். பல இன்டர்ஃபேஸ்களில் இருக்கும் ‘இன்ஸ்ட்’ என்ற பொத்தான் அதற்குத்தான். அதை அழுத்தாமல் லைன் நிலையிலேயே செருகினால் மேல்பகுதி செத்து, போர்வைக்குள்ளிருந்து வருவது போல ஒலிக்கும். ஆம்ப் வாங்கப் பணம் இல்லை என்று வருந்த வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலர் பிளக்இன் ஒன்றே, பத்துக்குப் பத்து அறையில் குறைந்த சத்தத்தில் மைக் வைத்து எடுக்கும் சின்ன ஆம்ப்பை வென்றுவிடும்.

‘ம்ம்ம்’ என்ற கரண்ட் இரைச்சல் இங்கேதான் அதிகம் வரும். கம்பியைத் தொட்டதும் குறைகிறது என்றால் எர்த் சரியில்லாமலும் இருக்கலாம். லேப்டாப்பின் இரண்டு முள் சார்ஜர் அதற்குக் காரணமாக இருக்கலாம். பதிவு நேரத்தில் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்இடி பல்பு, பக்கத்தில் இருக்கும் இன்வெர்ட்டர் ஆகியவை சிங்கிள் காயில் பிக்கப்பில் நேரடியாக ஏறும். கிட்டாரைப் பிடித்தபடி மெல்லச் சுற்றினால் ஒரு திசையில் இரைச்சல் அடங்கும்; அந்தத் திசையிலேயே உட்கார்ந்து வாசியுங்கள்.

அக்கூஸ்டிக் கிட்டாரில் இருக்கும் பீசோ பிக்கப்பை மட்டும் நம்பிப் பதிவு செய்தால் ரப்பர் பாண்டு ஓசை வரும். அதை ஒத்திகை டிராக்குக்கு வைத்துக்கொண்டு, இறுதிப் பதிவை மைக்கில் எடுங்கள். மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைக்க வேண்டாம். அங்கே 100 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கம் காற்றுக் குமுறல் அதிகம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு எதிரே 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி, கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கித் திருப்பி வையுங்கள். கனம் போதவில்லை என்றால் துளைப் பக்கம் ஒரு விரல்கடை நகர்த்துங்கள். அதிகமென்றால் ஃப்ரெட் பக்கம். ஈக்யூவைத் தொடுவதற்கு முன் இந்த ஒரு விரல்கடையைத் தீர்த்துக்கொண்டால் மிக்ஸில் பாதி வேலை குறையும். கடலோர ஊர்களில் கம்பி சீக்கிரம் கறுத்து ஒலி மங்கிவிடும். பதிவுக்கு முந்தைய நாள் புதுக் கம்பி போட்டு, இழுத்து இழுத்துச் சுருதி நிற்க வையுங்கள். சில நூறு ரூபாய்க் கம்பி தரும் தெளிவு எந்த மைக் மாற்றத்திலும் கிடைக்காது.

பாடுவதையும் வாசிப்பதையும் ஒரே நேரத்தில் எடுக்காமல் இருப்பது மேல். மெட்ரோனோமோடு ஒரு ஒத்திகை டிராக், அதைக் கேட்டபடி கிட்டார், பிறகு குரல். சேர்ந்துதான் உயிர் வருகிறது என்றால், குரல் மைக்கைச் சற்று மேல்நோக்கித் திருப்பி, கிட்டார் மைக்கைத் தரையை நோக்கிச் சாய்த்து, ஒன்றின் முதுகு மற்றதன் ஒலியைப் பார்க்கும்படி வையுங்கள். கலந்தபின் ஒலி மெலிந்து போனால் ஒரு டிராக்கின் ஃபேஸைத் (ஒலி அலையின் ஏற்ற இறக்கத்தை) தலைகீழாக்கிக் கேளுங்கள். எது கனமாக ஒலிக்கிறதோ அதுவே சரி.

ஹெட்ஃபோன், ஸ்டாண்டு, கேபிள்

ஹெட்ஃபோன் மூடிய வகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மெட்ரோனோமின் ‘டக் டக்’ குரல் டிராக்கில் ஏறிவிடும். ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ் இந்த வேலைக்குப் போதும். எம்40எக்ஸில் கழற்றி மாட்டும் கேபிள் வருகிறது, மிக்ஸ் செய்யும்போது கீழ்ப்பகுதியை நம்பகமாகக் காட்டுகிறது. பணம் இருந்தால் அது. புளூடூத் ஹெட்ஃபோன் இதற்கு உதவாது. அதன் தாமதம் நூறு மில்லிசெகண்டைத் தாண்டும், தாளத்தில் நிற்கவே முடியாது. ஸ்டூடியோ ஸ்பீக்கர் இப்போது வேண்டாம். முன்னே சொன்ன 56, 112 ஹெர்ட்ஸ் தேக்கத்தில் அது உண்மையைச் சொல்லாது.

வட்ட அடித்தட்டு ஸ்டாண்டு கவிழும். மூன்று கால் பூம் ஸ்டாண்டு வாங்கி, நீண்ட கையை ஒரு காலுக்கு நேர் மேலே வரும்படி திருப்பி வையுங்கள். ஏடி 2020 வாங்கினால் துணி பாப் ஃபில்டர் கட்டாயம். மைக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி மாட்டுங்கள். அப்போதும் ‘ப’ வெடித்தால், மைக்கை வாயின் நேர்கோட்டிலிருந்து விலக்கி மூக்கு உயரத்துக்கு ஏற்றிக் கீழ்நோக்கிச் சாய்த்தால் நின்றுவிடும். கேபிள் 3 மீட்டர் போதும். மலிவு கேபிளில் முதலில் அறுவது கனெக்டருக்குள் இருக்கும் சால்டர். மல்டிமீட்டரில் 1-க்கு 1, 2-க்கு 2, 3-க்கு 3 என்று தொடர்பு பார்த்துவிடுங்கள். முதல் பின் ஷீல்டு. அது அறுந்தால் பேண்டம் பவர் போகாது, கண்டென்சர் ஊமையாகும். மைக் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டியது இது. சென்னைக்காரர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் நியூட்ரிக் கனெக்டரும் நல்ல மைக் வயரும் வாங்கித் தாங்களே சால்டர் செய்துகொண்டால் ரெடிமேட் விலையில் இரண்டு கேபிள் கிடைக்கும்.

செட்டிங்

மேக், ஐஃபோன் இரண்டிலும் கேரேஜ்பேண்ட் இலவசம். விண்டோஸில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருள்: 60 நாள் முழுமையாக ஓட்டிப் பார்க்கலாம், அதன்பின் தனிநபர் லைசன்ஸ் 60 டாலர். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வையுங்கள். 192 வரை போவதால் கிட்டாரும் குரலும் மேம்படாது, ஹார்ட் டிஸ்க்தான் நிரம்பும். பதிவு நேரத்தில் பஃபர் 128. இது ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட், போக வர டிரைவரைப் பொறுத்துப் பத்து அளவில் நிற்கும். மிக்ஸுக்கு 1024. உங்கள் குரலே காதில் இரண்டு முறை கேட்டால் டைரக்ட் மானிட்டரும் (இன்டர்ஃபேஸ் நேரே காதுக்குத் தருவது) சாஃப்ட்வேர் மானிட்டரும் (கம்ப்யூட்டர் வழியே திரும்பி வருவது) ஒன்றாக ஓடுகின்றன, ஒன்றை அணையுங்கள். மீட்டரில் உச்சம் மைனஸ் 10 டெசிபெலைத் தொட்டால் போதும். 24 பிட்டில் அதற்கு மேலே தள்ளுவதில் லாபம் எதுவும் இல்லை, உடைந்த வரியை மீட்கவும் முடியாது.

சேர்த்துப் பார்த்தால்: சத்தமுள்ள வீட்டுக்கு எஸ்எம் 57, ஃபோம் உறை, ஈவோ 4, எம்20எக்ஸ், ஸ்டாண்டு, கேபிள். அமைதியான அறைக்கு ஏடி 2020, பாப் ஃபில்டர், ஈவோ 4, மற்றவை அதே. இரண்டும் 30 ஆயிரத்தை ஒட்டியே முடியும். அமைதியான அறை இருந்து கையில் 25 ஆயிரத்துக்கும் குறைவு என்றால் ஈவோவின் இடத்தில் யுஎம்சி 202எச்டி.

பெட்டியைப் பிரிக்கும்போது ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு, மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் இவற்றைச் செய்துவிடுங்கள். மைக்கைச் செருகாமல் கெயினை முக்கால் பங்கு ஏற்றி 30 விநாடி பதிவு செய்யுங்கள். இரண்டு சேனலின் இரைச்சலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பிறகு மைக்கை முதல் சேனலில், அடுத்து இரண்டாவதில் செருகி அதே வரியைப் பாடி ஒப்பிடுங்கள். கெயினையும் ஹெட்ஃபோன் சத்தத்தையும் கீழிருந்து மேல் வரை மெல்ல ஏற்றிப் பாருங்கள். வழியில் கரகரவென்றால் திருப்பிக் கொடுங்கள். பேண்டம் பவரைப் போட்டு ஒரு மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி 30 விநாடி பதிவு செய்யுங்கள். ப்ரீஆம்ப்பில் குறை இருந்தால், சூடேறிய பிறகு எடுக்கும் இந்த இரண்டாவது பதிவில் இரைச்சல் கூடியிருக்கும்.